ஒரு நாள் வராவிட்டால் யார் தேடுவார்கள்? பணி ஓய்வுக்குப் பின் ஒரு செவிலியர் போய் உட்கார்ந்து பார்த்த இடங்கள்

வார்டில் இருந்தவரை, நான் வரவில்லை என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு நைட் டியூட்டி சிஸ்டர் எனக்கு ஓவர் கொடுக்க வேண்டும், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி வார்டை ஒப்படைக்க வேண்டும். நான் போய் நின்றால்தான் அவர் வீட்டுக்குக் கிளம்ப முடியும். செல்போன் வந்த பிறகு சரியாக ஏழு ஐந்துக்கு மணி அடிக்கும். "அக்கா, எங்க வந்துட்டிருக்கீங்க?" அதற்கு முன்னால், குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், ஆயாம்மாவையே வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

1986இல் வேலைக்குச் சேர்ந்தேன். பாதிக்கு மேல் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையின் லேபர் வார்டில் போனது. 2020 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவள். அந்த மாதம்தான் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் அது 60 என்று அறிவிப்பு வந்தது. ஆக, கொரோனா முழுவதையும் உள்ளே இருந்தே பார்த்துவிட்டு 2022 மே 31 அன்று மாலையும் கழுத்துமாக வெளியே வந்தேன். மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு போன் அடிக்கவில்லை. அந்த நாள் வந்தால் அப்பாடா என்று இருக்கும் என எத்தனையோ வருடம் ஏங்கியிருக்கிறேன். வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. கணவர் காலமாகிவிட்டார், மகள் சென்னையில். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அடுத்த மூன்று வருடத்தில், எங்களைப் போன்றவர்கள் போகக்கூடிய இடங்கள் என்று தெரிந்த எல்லாவற்றுக்கும் போய்ப் பார்த்தேன். அவற்றை ஒப்பிட ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாள் நான் வராவிட்டால் அங்கே யாருக்குத் தெரியும்? ஐப்பசி மழையில் டெங்கு வந்து பத்து நாள் படுத்தபோது, நான் கேட்காமலே அதற்குப் பதில் வந்தது.

ஓய்வூதியர் சங்கம்

இதில் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் வேலைக்கு வந்த எங்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. ஆனால் அதைச் சுற்றி எத்தனை காகிதம்! உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வருடா வருடம் நேர்காணல். கம்யூட்டேஷன் என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கு 15 வருடம் கழித்து ஒழுங்காகத் திரும்பச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். 80 வயதில் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம். 2022 ஜூலையில் தொடங்கிய மருத்துவக் காப்பீடு. நாம் போன பிறகு குடும்பத்துக்கு வரும் 50,000 ரூபாய் குடும்பப் பாதுகாப்பு நிதி, அதற்கான நியமனப் படிவம். ஆயுள் முழுக்க கேஸ் ஷீட் எழுதிய கைக்குக் கருவூலப் படிவம் பிடிபடாது. அங்கே அதற்கென்றே ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் கருவூலத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார்.

ஆனால் துணை தேடி அங்கே போனால் ஏமாற்றம்தான். மாதம் ஒரு கூட்டம். ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர், பெரும்பாலும் ஆண்கள். 70 வயதிலேயே 10 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் வேண்டும் என்பது பற்றி நீளமாகப் பேசுவார்கள். நியாயமான கோரிக்கை, நானும் கை தட்டியிருக்கிறேன். பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்புவோம். நான் டெங்குவில் படுத்தது மாதக் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகு செயலாளர் வீட்டுக்கே வந்து, மருத்துவமனை ரசீதுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, காப்பீட்டு மனுவை எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அதை எனக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம். ஓய்வூதியம் யாரோ போடும் பிச்சையல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982இல் நகரா வழக்கில் தீர்ப்பு சொன்ன நாள். நான் சேர்ந்த வருடம் அந்த நாள் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் லேபர் வார்டு ஆயாம்மா! எனக்கு எட்டு வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர். இருபது வருடம் சேர்ந்து பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறோம். நடுராத்திரியில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம், நான் உட்கார்ந்து, அவர் நின்றுகொண்டு. அன்றைக்குத்தான் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே உயர நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தோம். அது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது.

பேட்ச்

நர்சிங் பள்ளியில் கூடப் படித்தவர்கள். வாட்ஸப் குழுவில் 42 பேர். சவுதி, லண்டன், சென்னை, மணப்பாறை என்று சிதறிக் கிடக்கிறோம். வருடத்துக்கு ஒரு முறை ஒரே நிறப் புடவை கட்டிக்கொண்டு கூடுகிறோம். உலகத்தில் என்னை இன்னும் 'வாடி, போடி' என்று கூப்பிடும் இடம் அது ஒன்றுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே பஸ் ஏறிப் போகலாம்.

நான் குழுவில் நான்கு நாள் எட்டிப் பார்க்காததை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் மேல் தவறில்லை. 42 பேரில் யார் பேசினார், யார் பேசவில்லை என்று எப்படித் தெரியும்? ஐந்தாம் நாள் நானே ஒருத்திக்கு போன் போட்டேன். மதியம் பேசினேன், இருட்டுவதற்குள் திருச்சியிலிருந்து பையோடு வந்து நின்றாள். இரண்டு ராத்திரி தங்கி, பிளேட்லெட் எண்ணிக்கையை நோட்டில் எழுதி, மணிக்கு மணி தண்ணீர் கொடுத்தாள். இந்த உறவு தானாக வந்து கதவைத் தட்டாது. நாம் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வரும். தனியாக இருப்பவர்கள் வாய் திறந்து சொல்லப் பழக வேண்டும். நோயாளியிடம் 'எங்க வலிக்குது, சொல்லுங்க' என்று கேட்டே வாழ்ந்த நமக்கு, நம் வலியைச் சொல்ல வருவதில்லை.

ஒரு குறை. இந்தக் குழுவில் செவிலியர் மட்டும்தான் உண்டு. லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், ஆயாம்மா, ஆம்புலன்ஸ் டிரைவர் யாரும் கிடையாது. நம் பணிக்காலம் பாதிக்கு மேல் அவர்களோடுதான் கழிந்தது.

மறுபடியும் வேலை, அல்லது பேரப்பிள்ளை

ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று மாதம் போனேன். ஆட்கள், பேச்சு, சம்பளம் எல்லாம் உண்டு. ஏழு ஐந்துக்கு போனும் அடித்தது. ஒரு நாள் சளிக்காய்ச்சலில் படுத்துக்கொண்டு அதை எடுத்தேன். "சரி சிஸ்டர், உங்களுக்குப் பதிலா யாரையாவது அனுப்ப முடியுமா?" என்றார்கள். தேடியது என்னையல்ல, ஒரு ஆளைத்தான். பணத் தேவை இருந்தால் தாராளமாகப் போங்கள். கூட்டத்துக்காக என்றால் வேண்டாம்.

மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். பேத்தியைக் குளிப்பாட்டியது என் வாழ்வின் நல்ல நாட்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சென்னை அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்தது மூன்று தடவை. காலையில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு எட்டு மணி நேரம் பேசுவதற்குக் குழந்தை மட்டும்தான். பிள்ளைகள் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். வீட்டைக் காலி செய்துகொண்டு போகாதீர்கள்.

பெரிய கோயில் புல்வெளி

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தஞ்சை பெரிய கோயிலுக்குள் பாருங்கள், சாமி கும்பிட வந்தவர்களைவிட சும்மா உட்கார வந்தவர்கள் அதிகம். எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். நந்தி மண்டபம் தாண்டிப் புல்லில் ஓர் இடம். பக்கத்துத் தரைக் கல்லில் கை வைத்தால் பகல் வெயில் இன்னும் சுடும். ஒருவர் தையல் கடை வைத்திருந்தவர், ஒருவர் பள்ளி சத்துணவு அமைப்பாளராக இருந்தவர், மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தவர்கள். மருத்துவத் துறை என்று நான் ஒருத்திதான்.

முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது. நர்ஸ் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். ஒருவர் மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் ஊசியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். போட மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார். வார்டில் ஊசி போட்டு ஒத்துக்கொள்ளாமல் போனால் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின், ஆக்சிஜன், டாக்டர் எல்லாம் இருப்பார்கள். என் வீட்டுத் திண்ணையில் என்ன இருக்கிறது? ஓய்வு பெறும் ஒவ்வொரு சிஸ்டருக்கும் இதைக் கையைப் பிடித்துச் சொல்ல ஆசை. பி.பி. பாருங்கள், மாத்திரைச் சீட்டைப் படித்து விளக்குங்கள். வாசலில் ஊசி போடும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே மறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடு இன்ஜெக்‌ஷன் ரூம் ஆகிவிடும். வருகிறவர்களும் ஊசிக்காகத்தான் வருவார்கள், உங்களுக்காக அல்ல.

மூன்றாவது மாதம் ரிப்போர்ட்டுகள் நின்றன. அப்புறம்தான் பேச்சு தொடங்கியது. கும்பகோணத்துப் பாத்திரக் கடை, மருமகள், சின்ன வயதில் பார்த்த காவிரி வெள்ளம் என்று ஏதேதோ. பிரதோஷ நாளில் கூட்டம் தாங்காது, அன்றைக்கு மட்டும் உட்கார மாட்டோம். டெங்கு வந்த முதல் நாள் சாயங்காலம் நான் போகவில்லை, போனும் அணைந்து கிடந்தது. மறுநாள் ஆறு மணிக்குத் தையற்கடை அக்கா தூக்கில் மிளகு ரசத்தோடு என் வாசலில் நின்றார். வேறு எந்த இடத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை.

வியாழக்கிழமை வீடுகள்

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கி, அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் தோள் கொடுத்து வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இந்த வேலை உண்டு. நான் போவது ஓர் அறக்கட்டளையின் வேனில். ஒரு டாக்டர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், தொண்டராக நான். டாக்டர் எழுதியதைத்தான் செய்கிறோம். திண்ணை ஊசிக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். இதற்கு வர நினைப்பவர்கள் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்த மாமியார், 70 கிலோ இருப்பார். 45 கிலோ மருமகள். முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார்கள், எப்படி என்று யாரும் காட்டவில்லை. தோளைப் பிடித்து இழுத்து இழுத்து அந்தப் பெண்ணுக்கே இடுப்பு போய்விட்டது. ஒரு பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து இடுப்புவரை வருகிற மாதிரி மாமியாருக்குக் கீழே விட்டேன். அந்தப் பக்க ஓரத்தைச் சுருட்டிப் பிடி, உன் முட்டியைக் கட்டிலில் முட்டுக்கொடு, இப்போது வேட்டியை இழு, ஆளை இழுக்காதே என்றேன். மாமியார் மெதுவாக ஒருக்களித்துத் திரும்பினார். "இவ்ளோதானா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நமக்கு இது முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். அந்த வீட்டில் அது தெரியாமல் எட்டு மாதம் ஓடியிருக்கிறது.

கற்ற தொழில் வீணாகவில்லை என்ற நிறைவை வேறு எந்த இடமும் இப்படித் தராது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நான் போகத் தொடங்கிய நான்கு மாதத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். லேபர் வார்டில் இருந்தவளுக்கு இது வேறு விதமான பாரம். அதனால் ஓய்வு பெற்ற முதல் வருடம் இதில் சேராதீர்கள். தூக்கம் ஒழுங்கானபின் வாருங்கள். வாரம் ஒரு நாளுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெங்கு வாரம் வியாழக்கிழமை பத்தரைக்கு அந்த மருமகள்தான் போன் செய்தாள். காய்ச்சல் என்றதும், மாமியாரின் டியூப் மாற்றுவதை மறந்துவிட்டு, சாயங்காலம் மகன் கையில் நொய்க்கஞ்சி கொடுத்தனுப்பினாள்.

எதை வைத்துக்கொள்வது?

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் புல்வெளியைத்தான் வைத்துக்கொள்வேன். வியாழக்கிழமையை விட மனம் வராது, ஆனால் அங்கே நான் இன்னும் சிஸ்டர்தான். புல்வெளியில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியராக இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். பத்து ஊருக்கும் தெரிந்த முகம், எந்தக் கோயிலில் உட்கார்ந்தாலும் தடுப்பூசிச் சந்தேகத்தோடு ஒரு தாய் வந்து நிற்பாள். அவர்களுக்குப் பேட்ச் கூட்டம்தான் மூச்சு விடும் இடம் என்று என் தோழி ஒருத்தி சொல்கிறாள்.

சங்கத்தைக் காகிதத்துக்கான இடம் என்று எழுதினேன். ஆனால் அங்கே கிடைத்த ஆயாம்மாவும் இப்போது தனியாகத்தான் இருக்கிறார், கரந்தையில். நான் தேறி எழுந்த பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் காலை ஏழு ஐந்துக்கு அவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், உடனே நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு பத்து வரை வராவிட்டால் நேரில் கிளம்பிப் போக வேண்டியது. ஒரே ஒரு நாள் அவர் போனில் சார்ஜ் இல்லை. நான் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கியபோது, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாவுக் கையோடு உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்தார். இன்னொன்றையும் எடுத்து வரச் சொன்னேன்.