அடர் நிறமா, சந்தனமா? சுவருக்கு ஒட்டுப் போடும் நாளை நினைத்துக்கொண்டு பெயின்ட் ஷேடு கார்டைத் திறங்கள்

விருதுநகரில் எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. கடை என்பது மேட்சிங் சென்டர்: பிளவுஸ் பிட், ஃபால்ஸ், லைனிங் துணி, உள்பாவாடை. கட்டடத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. 2016-ல் அதற்கு அடர் சாம்பலும் மெரூனும் பெயின்ட் அடித்தோம். 2023-ல் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுச் சந்தனக் கலர் அடித்து, விளிம்புகளுக்கும் அடிப்பகுதிக்கும் காவி கொடுத்தோம். ஒரே சுவரில் இரண்டு ஜோடியையும் வைத்துப் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தனம்.

அடர் நிறத்தைக் குறை சொல்லும்முன் அதன் நல்லதையும் சொல்ல வேண்டும். அடித்து முடித்துச் சாரம் பிரித்த அன்று தெருவே நின்று பார்த்தது. புதுக்கடைக்கு அது சின்ன விஷயமில்லை. "அந்த மெரூன் பில்டிங்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ரோட்டுத் தூசியும் கைக்கறையும் சட்டென்று தெரியாது. அந்த வகையில் முதல் இரண்டு வருடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வெயில் பற்றி எல்லோருக்கும் தெரியும்: அடர் நிறம் சூட்டை வாங்கும், வெளிர் நிறம் திருப்பி அனுப்பும். விலையும் அப்படித்தான். அடர் ஷேடுக்கு வேறு பேஸ் (சாயம் கலக்கும்முன் இருக்கும் அடிப்படைப் பெயின்ட்), கலர் சாயமும் அதிகம், அதனால் அதே பெயின்ட்டில் லிட்டர் விலை ஏறும். பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள் என்றால் கீழே இருப்பதை மூடும் சக்தி குறைவு. இரண்டு கையில், அதாவது இரண்டு கோட்டில், முடியாது, மூன்றாவது கையும் கேட்கும். இவற்றையெல்லாம் தெரிந்துதான் அன்று மெரூனை எடுத்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லாதது ஒட்டுப் போடும் விஷயம்: உடைத்துப் பூசிய இடத்துக்கு மட்டும் திரும்பப் பெயின்ட் அடிப்பது.

2019-ல் மேல்மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்தது. முகப்புச் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் கொப்பளித்துவிட்டது. பிளம்பர் வந்து உடைத்து, குழாய் மாற்றி, கொத்தனார் பூசிக் கொடுத்தார். உடைத்த இடம் ஒரு சோற்றுத்தட்டை விடப் பெரிது, இரண்டு சதுர அடி இருக்கும். ஷேடு நம்பர் எழுதி வைத்திருந்தேன். அதே கம்பெனி, அதே நம்பர், மிஷினில் கலந்து ஒரு லிட்டர் வாங்கி அடித்தோம். காய்ந்ததும் தெருவில் இறங்கிப் பார்த்தால், சுவர் நடுவே புதிதாக ஒரு ஜன்னல் வைத்தது போல இருந்தது. பழைய மெரூன் எந்த அளவுக்கு வெளுத்திருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் பார்க்கும் சுவர் என்பதால் கண் பழகிப்போயிருந்தது.

துணிக்கடைக்காரிக்கு இது புரிய நேரமாகவில்லை. ஒரே கம்பெனியின் ஒரே நம்பர் பிளவுஸ் பிட்டிலேயே போன லாட்டுக்கும் இந்த லாட்டுக்கும் அரை மாற்று வித்தியாசம் இருக்கும். கைக்குத் துணி போதவில்லை என்று வேறு லாட்டில் இருந்து வெட்டிக் கொடுத்தால், தைத்துப் போட்ட அன்றே திரும்பி வந்துவிடும். சுவரிலும் அதே கதைதான். கூடுதலாக, பழைய லாட் மூன்று வருடம் வெயிலில் காய்ந்த லாட்.

வெளுப்பதற்குக் காரணங்கள் உண்டு. பளிச்சென்ற சிவப்பு, மெரூன், ஊதா, எலுமிச்சை மஞ்சள் போன்ற பலவற்றுக்குப் பயன்படுவது கரிமச் சாயம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். இன்னொன்று, வருடம் போகப்போக பெயின்ட்டின் மேல்தோல் பொடிந்து மாவாகும். சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் ஒட்டுமே, அந்த மாவு. வெள்ளைச் சுவரில் அந்த மாவு கண்ணுக்குத் தெரியாது. மெரூன்மேல் அது சாம்பல் பூத்தது போலப் படியும். மூன்றாவது, பளபளப்பு. மினுமினுப்பான ஃபினிஷில் ஒட்டுப் போட்டால் நிறம் பொருந்தினாலும் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது வேறு மினுப்பாகத் தெரியும். ரோலரில் அடித்த சுவரில் பிரஷால் ஒட்டினால் அந்தத் தடமும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

எங்கள் மேஸ்திரி வயதானவர். வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, பூச்சு காயட்டும்னு சொன்னேன்ல. பச்சைச் சிமென்ட் மேல அடிச்சா கலரைத் தின்னுடும்." அவர் சொன்னது சரிதான். புதுப்பூச்சு ஒரு மாதமாவது, கணக்காகச் சொன்னால் 28 நாள், ஆற வேண்டும். சிமென்ட்டின் காரம் அடங்கும்முன் அடித்தால் சாயம் மங்கும். நாங்கள் ஒரு வாரத்தில் அடித்துவிட்டோம், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. "காய வச்சிருந்தா பொருந்தியிருக்குமா மேஸ்திரி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் குறைவாத் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருந்திருக்காது" என்றார்.

இதற்கு வழி ஒன்றுதான்: மூலைக்கு மூலை முழுச்சுவரையும் அடிப்பது. எங்கள் முகப்பு 22 அடி அகலம், கைப்பிடிச்சுவரோடு சேர்த்து 25 அடி உயரம். ஜன்னல், கதவு, ஷட்டரைக் கழித்தால் சுமார் 450 சதுர அடி. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கைக்கு லிட்டருக்கு 50 சதுர அடி வரும் என்று வைத்தாலும் 9 லிட்டர். அதற்கு மேல் சாரம் கட்டும் கூலி, இரண்டு ஆள், இரண்டு நாள். இரண்டு சதுர அடி ஓட்டைக்கு இந்தச் செலவு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்தப் பொய் ஜன்னலோடுதான் நான்கு வருடம் கடை நடத்தினேன். நிறம் பொருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த நான்கு வருடமும் கடைவாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது.

யோசித்துப் பார்த்தால், எந்த வீட்டில் சுவர் உடைபடாமல் இருக்கிறது? ஏசி வைக்க ஓட்டை, கேபிள் இழுக்க ஓட்டை, போர்டு மாட்ட ஆணி, மீட்டர் பெட்டி இடம் மாற்றினால் ஒரு ஒட்டு. கடைவைத்த கட்டடம் என்றால் இன்னும் அதிகம். ஆகவே ஷேடு கார்டைக் கையில் எடுக்கும்போது, அடித்த அன்றைக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். நான்காம் வருடம் ஒரு சாண் உடைத்துப் பூசினால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். எனக்கு மற்ற எல்லாக் கணக்கையும் விட இதுவே பெரிதாகப் படுகிறது.

சந்தனக் கலர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அதில் பெரும்பங்கு வெள்ளை, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. நிறம் வருவதற்குச் சேர்ப்பது பெரும்பாலும் சொட்டுக் கணக்கில் மஞ்சள் ஆக்சைடு, அது இரும்பின் ஆக்சைடு. இரண்டுமே வெயிலுக்கு அசையாத சரக்கு. போன வருடம் சிசிடிவி வைத்தவர் தவறான இடத்தில் துளைத்துவிட்டார். மூன்று துளை. பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமர் ஒரு கை, மிச்சம் வைத்திருந்த பெயின்ட் இரண்டு கை, நானே ஸ்டூல் போட்டு ஏறி அடித்தேன். எங்கே என்று தெரிந்த எனக்கே இப்போது தேடினால்தான் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: வெளிர் நிறம் என்றாலே பிழைத்துவிடாது. வெளிர் ரோஸ், வெளிர் ஊதா போன்றவை கரிமச் சாயத்தில் ஒரு துளியை வெள்ளையில் கலந்து வருபவை. அந்தத் துளி போய்விட்டால் சுவர் அழுக்கு வெள்ளையாக நிற்கும். வீட்டுக்குள் அடித்துக்கொள்ளுங்கள், வெயில் அடிக்கும் வெளிச்சுவருக்கு வேண்டாம்.

அதேபோல அடர் நிறம் எல்லாமே மோசமும் இல்லை. காவியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக இருக்கிறதே, அதில் வெள்ளை சுண்ணாம்பு, காவி இரும்புச்சத்துள்ள மண். சாயப்பட்டறையில் பிறந்த நிறமல்ல, வெயிலிலேயே கிடந்த மண். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சளும் இந்த மண்மஞ்சள் குடும்பத்து நிறம்தான். அழுத்தமான நிறம் ஒன்று வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்திலேயே தேடுங்கள்: காவி, செங்கல், மண்மஞ்சள், பழுப்பு. நாங்கள் காவியைத் தரையில் இருந்து மூன்றடிக்குக் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை பெய்தால் வண்டிகள் தெறிக்கிற செம்மண் சேறு அந்த மூன்றடியில்தான் விழுகிறது.

சந்தனத்தின் குறையையும் மறைக்க மாட்டேன். முதல் ஐப்பசி மழையிலேயே சன்ஷேடு ஓரங்களில் இருந்து கறுப்புக் கோடு கோடாக ஒழுகி நின்றது. மெரூனில் இது தெரிந்ததே இல்லை. மேஸ்திரி சன்ஷேடின் அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இழுத்துக் கொடுத்தார். தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிச் சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடுகிறது. கைப்பிடிச்சுவரின் தலையையும் உள்பக்கம் சரியும்படி பூசினோம். கோடு முழுக்க நிற்கவில்லை, ஆனால் வருடம் ஒரு முறை கழுவினால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சுவர் உப்புப் பூக்கும். அந்த வெள்ளை, அடர் நிறத்தில் தேமல் மாதிரி தெரியும், சந்தனத்தில் கலந்துவிடும். ஆனால் உப்பு உப்புதான், பெயின்ட் எந்த நிறமானாலும் அது உரித்துக்கொண்டு வரும்.

எனக்குச் சந்தனத்தோடு மூன்று கோடைதான் பழக்கம். மெரூனுக்கு ஏழு. பத்தாம் வருடத்தில் சந்தனம் எப்படி நிற்கும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கு இன்னும் வரவில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் அங்குள்ள பழைய மேஸ்திரிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடையின் உட்பக்கம் வேறு கணக்கு. முன்பு மூன்று சுவரும் ரோஸ். பார்க்க அழகு, ஆனால் க்ரீம் நிறத் துணியை விரித்தால் சுவரின் ரோஸ் அதில் ஏறிவிடும். சேலையைக் கொண்டுவந்தவர்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு நிமிஷம் வெயில்ல பாத்துட்டு வர்றேன்" என்று தெருவுக்கு இறங்குவார்கள். திரும்பி வந்து வேறு பிட் கேட்பார்கள். இப்போது உள்ளே சாயமே கலக்காத வெள்ளை, பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ். அதோடு பல்பும் மாற்றினோம். சி.ஆர்.ஐ. என்பது ஒரு வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு. அது 90-க்கு மேல் போட்ட எல்இடி கொஞ்சம் விலை அதிகம்தான், சாதாரணமாகக் கிடைப்பது 80 வாக்கில் இருக்கும். சுவரும் வெளிச்சமும் சேர்ந்து மாறிய பிறகு தெருவுக்கு இறங்குகிறவர்கள் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. துணி, நகை, பெயின்ட், பூ என்று நிறத்தைப் பார்த்து வாங்கும் எந்தக் கடைக்கும் உள்சுவர் வெள்ளைதான் என்பேன். டீக்கடை, மெஸ், பேக்கரிக்கு இது பொருந்தாது. அங்கே நான்கடி உயரம் டைல்ஸ் ஒட்டிவிட்டு மேலே எந்த நிறமும் வைத்துக்கொள்ளலாம்.

ஷட்டரில் கம்பெனி விளம்பரம் எழுதிக்கொள்ள இடம் கொடுத்தால் பெயின்ட் செலவு மிச்சம் என்று பக்கத்துக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். மிச்சம்தான். ஆனால் கடை பூட்டியிருக்கும்போது அவர் கடையின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. நான் காவி எனாமல் அடித்து, வெள்ளையில் கடைப்பெயர் எழுத வைத்தேன். வீட்டுக்குள் மரக்கதவுக்கு எனாமல் அடிப்பவர்கள் சுத்த வெள்ளை எடுக்காதீர்கள். வெளிச்சம் படாத இடத்தில் ஆயில் எனாமல் வெள்ளை மஞ்சளாகும். முதலிலேயே ஆஃப் வைட் எடுத்துவிட்டால் அந்த மாற்றம் உறுத்தாது.

ஷேடு கார்டில் நகம் அளவு பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பெரிய சுவரில் எந்த நிறமும் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சின்ன சாம்பிள் டப்பா வாங்கி மூன்றடிக்கு மூன்றடி பிளைவுட் பலகையில் இரண்டு கை அடித்து, காலை, உச்சி வெயில், ராத்திரி டியூப்லைட் என்று மூன்று வேளையும் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். எங்கள் சந்தனம் அப்படிப் பார்த்து நான்காவதாகத் தேறியது. முதல் மூன்றும் ராத்திரி வெளிச்சத்தில் பச்சை அடித்தன.

மிச்சமான பெயின்ட்டை அரை லிட்டர் டப்பா இரண்டில் தளும்ப நிரப்பி, மூடி இறுக்கி, மேலே ஷேடு நம்பர், பேஸ், ஃபினிஷ், அடித்த மாதம் எல்லாம் மார்க்கரில் எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். பின்பக்கச் சுவர் மட்டும் இன்னும் பழைய சாம்பலிலேயே நிற்கிறது. பக்கத்து வீட்டு நிழல் விழுவதால் அங்கே வெயில் இல்லை, ஈரத்தில் பாசிதான் பிடிக்கிறது. அதற்கும் சந்தனமே அடிப்பதா, பாசி தெரியாத ஒரு மண்பழுப்பா என்று பலகையில் இரண்டையும் அடித்துச் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்த மழைக்காலம் முடியட்டும்.