மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா?

பாட்டு கேட்கத்தான் சப்வூஃபர் (அடி ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) என்றால் நான் மூடிய பெட்டியைத்தான் சொல்வேன். துளை வைத்தது அதே ஆம்ப்ளிஃபயர் சக்தியில் இன்னும் பலமாக முழங்கும், சினிமா வெடிச்சத்தத்துக்கு அது சரி, ஆனால் துளை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வதால் ஒலி சட்டென்று நிற்காமல் கொஞ்சம் இழுக்கும், அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், சுமார் 24 டெசிபல் சரிந்தும் விடும். மூடியதில் சரிவு 12 டெசிபல்தான். சின்ன அறையின் சுவர்களே அடி ஒலியைத் தூக்கிவிடுவதால் அதுவும் பெரிதாகத் தெரியாது. நாலு தந்தி பேஸ் கிடாரின் தடித்த தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான், அதற்கு நல்ல 10 அங்குல சப்வூஃபர் தாராளம். பெரிய ஹால் என்றால் மட்டும் துளை வைத்ததைப் பாருங்கள். அப்புறம், எதை வாங்கினாலும் யோசிக்காமல் மூலையில் தள்ளாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்துப் பாட்டை ஓடவிட்டு, அறையைச் சுற்றி நடந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தில் வையுங்கள்.