ஊட்டியில் படிக்க வருகிறீர்களா? முதலில் இந்த ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்

ஊட்டியில் காலேஜ் கிடைத்திருக்கிறது என்று சொன்னால் போதும், எல்லோரும் ஸ்வெட்டரைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார்கள். 2023-ல் சாத்தூரிலிருந்து நான் கிளம்பும்போதும் அப்படித்தான். அம்மா இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, இரண்டு கிலோ காராச்சேவு கட்டிக் கொடுத்தார். குல்லாவை இன்று வரை போட்டதில்லை. காராச்சேவு நாலாம் நாளே நமத்துப்போனது. அந்த முதல் வருஷத்தில் எனக்குக் கைகொடுத்தது ஒரு ஜெராக்ஸ் கடைதான். மூன்று வருஷமாகப் போய்வருகிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதனால் இதை எழுத எனக்குத் தகுதி உண்டு.

அரசு கலைக் கல்லூரியிலிருந்து சேரிங்கிராஸ் பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை உண்டு, ஆனால் மழையில் வெளுத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. எங்களுக்கு அது ‘அக்கா கடை’. உள்ளே மூன்று பேர் நிற்கலாம், நாலாவது ஆள் குடையோடு வாசலில். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மெலிந்த ஒரு கலர் பிரிண்டர், ஒரு மர பீரோ. அவ்வளவுதான். அக்கா ஃபோனில் படுக மொழி பேசுவார், எங்களிடம் தமிழ், கூடலூர்ப் பிள்ளைகள் வந்தால் மலையாளம். மூன்று மொழியிலும் ஒரே வேகம், ஒரே அதட்டல்.

அந்த மர பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிவதைப் பார்த்து, உள்ளே சாமி படம் வைத்திருக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் திறந்தபோது பார்த்தால், அடுக்கடுக்காக ஏ-ஃபோர் பேப்பர் கட்டுகள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே காற்றே ஈரம்தான். பேப்பர் அந்த ஈரத்தைக் குடித்து ஓரம் சுருண்டுவிடும். மெஷினுக்குள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போய்ச் சிக்கும். அக்கா ஒரு கை பேப்பர் எடுத்து, விசிறி மாதிரி வளைத்து, கட்டைவிரலால் ஓரத்தை விர்ரென்று தட்டுவார். காதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தட்டுவார். “சலசலன்னு சத்தம் வந்தா மெஷினுக்கு. தொப்புன்னு இருந்தா மறுபடியும் பீரோவுக்கு.” ஜூலை மாதத்தில் இந்த ஊரில் கசங்காத, கோடு விழாத நகல் வேண்டுமென்றால் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு பக்கம் 2 ரூபாய்.

சரி, ஒரு லேமினேஷன் கதை சொல்கிறேன். சேர்ந்த மூன்றாவது வாரம். ரூமில் சுவரை ஒட்டி வைத்திருந்த பையைத் திறந்தால் உள்ளேயிருந்த பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. அதன் மேலேயே கிடந்த பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் ஒரு மூலையில் புள்ளி புள்ளியாகப் பச்சை. பதறிப்போய் எல்லா ஒரிஜினலையும் தூக்கிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினேன். மொத்தமாக லேமினேட் பண்ணிவிடலாம் என்று எண்ணம்.

“ஒரிஜினலை நான் லேமினேட் பண்ண மாட்டேன் தம்பி. வேற கடைல பண்ணித் தருவாங்க. ஆனா போகாத.”

காரணமும் சொன்னார். நாளைக்கு வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போவதானால் சான்றிதழின் பின்பக்கத்தில் முத்திரை குத்துவார்கள், பிளாஸ்டிக் மேல் அது நிற்காது. சூட்டில் ஒரு சுருக்கம் விழுந்தால் அப்புறம் பிரித்தெடுக்கவும் முடியாது. ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சையையும் சேர்த்து அடைத்த மாதிரி. காய்ந்த துணியால் அந்த மூலையை ஒற்றி எடுத்து, பீரோவுக்குள் பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளி அரைமணி நேரம் வைத்திருந்தார். அப்புறம் ஒளி ஊடுருவும் உறைகள் வைத்த ஃபைல் ஒன்றை 90 ரூபாய்க்குக் கொடுத்தார். புது செருப்பு டப்பாவில் குட்டி குட்டிப் பொட்டலமாக மணிமணியாக ஒன்று கிடக்குமே, அதைத் தூக்கிப்போடாமல் ஃபைலுக்குள் போடச் சொன்னார். ஃபைலை மூடியுள்ள டின் பெட்டியில் வைக்கணும், பெட்டி சுவரைத் தொடக்கூடாது. இங்கே சுவருக்கு வியர்க்கும். லேமினேஷனில் வந்திருக்க வேண்டிய காசை விட்டு ஃபைல் விற்றதில் அக்காவுக்கு லாபமா நஷ்டமா என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. மூலையில் பச்சை போய்விட்டது, லேசான மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது.

டி.சி. விஷயத்தில் நான் ஏமாந்தேன். சேரும் நாளில் மழையில் வரிசையில் நின்று, ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கி, இப்போது எங்கள் கல்லூரியில் இருக்கும் அந்தக் கல் வீட்டை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கையிலிருந்த டி.சி.யை ஒரு நகல்கூட எடுக்கவில்லை. ஒரிஜினல் டி.சி.யைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், படிப்பு முடிந்துதான் அடுத்தது கிடைக்கும். இடையில் நகல் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அக்காவின் கணக்கு இது: கொடுப்பதற்கு முன்னால் டி.சி. ஐந்து நகல், மற்றவை மூன்று மூன்று. அதில் ஒரு செட் ஊரில் அம்மாவிடம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி நம் மெயிலுக்கு நாமே அனுப்பி வைத்துவிட வேண்டும். பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ்கள் டிஜிலாக்கரிலும் கிடைக்கும். ஸ்கேனுக்குப் பக்கத்துக்கு 5 ரூபாய் வாங்குவார், ஆனால் உங்கள் மெயிலில் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டரிலிருந்து அழிப்பார். அழித்ததையும் காட்டுவார். இந்த ஒன்றுக்காகவே தனி நட்சத்திரம் கொடுக்கலாம். பெண் பிள்ளைகள் இந்தக் கடையைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான் என்று வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள்.

இனிஷியல் என்றால் சின்ன விஷயம் என்று நினைப்போம். சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லூரி விண்ணப்பம் போட்டபோது நாலாவதாக இன்னொரு விதம் அடித்துவைத்தார்கள். இப்போது பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஏ.பி.சி. ஐ.டி. (படிப்பில் வாங்கும் கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுக்க உட்கார்ந்தால் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. நாங்கள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறோம், செமஸ்டர் விவரத்தில் பெயர் ஒருமுறை தப்பாக ஏறினால் திருத்த மனு, கையெழுத்து, மறுபடி மனு என்று இழுக்கும். அக்கா ஒரு காகிதத்தில் நாலு பெயரையும் வரிசையாக எழுதி என் முன்னால் வைத்து, “இதுல நீ யாரு?” என்று கேட்டார். மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் பாஸ்புக்கையும் ஊரிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆதாரில் மொபைல் நம்பரையும் உங்கள் நம்பராக மாற்றிவிடுங்கள். என்னுடையதில் அப்பா நம்பர். இங்கே நான் கடையில் உட்கார்ந்து எதை அழுத்தினாலும் ஓ.டி.பி. சாத்தூருக்குப் போகும். அப்பா தீப்பெட்டி ஆபீசில் இருப்பார், ஃபோன் சட்டைப்பையில், சட்டை ஆணியில். பத்து நிமிஷத்தில் ஓ.டி.பி. செத்துவிடும். பின்னால் ஆறு பேர் நிற்பார்கள்.

இதை விடப் பெரிய கூத்து உதவித்தொகையில் நடந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய், பெண்களுக்கு 2022-லிருந்தே புதுமைப் பெண் திட்டத்தில் வருகிற மாதிரி. ஊட்டியில் திறந்த புதுக் கணக்கைத்தான் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் ஆகியும் எனக்கு மட்டும் பணம் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் போய்விட்டது என்கிறார்கள், பாங்கில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்வி: “ஆதார் எந்த பாங்க்ல மேப் ஆகியிருக்கு?” எல்லாக் கணக்கிலும் ஆதார் கொடுத்திருக்கிறேனே என்றேன். கொடுப்பது வேறு, மேப் ஆவது வேறாம். இப்படி ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும், கடைசியாக எந்த பாங்கில் மேப் பண்ணினோமோ அதற்கு. ஆதார் தளத்தில் பார்த்தார் (ஓ.டி.பி.க்காக அப்பாவைச் சட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தேன்). பள்ளியில் படிக்கும்போது சாத்தூரில் திறந்த பழைய கணக்கு. அம்மாவிடம் சொன்னேன். பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்த்தால் 3,000 ரூபாய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அம்மா அதற்கு ஓர் ஆட்டுக்குட்டி பேசி முடிப்பதற்குள் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்த வேலைக்கு அக்கா வாங்கியது 10 ரூபாய்.

வருமானச் சான்றிதழைப் பொறுத்தவரை இரண்டாம் ஆண்டிலும் எனக்குப் புதிதாகக் கேட்டார்கள். விடுமுறைக்குப் போகும்போது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி எடுத்து வந்துவிடுவது நல்லது. கொண்டுவிட அப்பா அம்மா சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வருவதானால் இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படித்தான். பாஸ் இலவசம், நாமே எடுத்துக்கொள்ளலாம். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலையே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுத்து வராதீர்கள், மலையேறும் முன் சோதனைச் சாவடியிலேயே வாங்கிப் போட்டுவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும்.

ஸ்வெட்டர் பற்றிக் கேட்பவர்களுக்காக: ஒன்று போதும். மற்றதை இங்கே தாவரவியல் பூங்கா பக்கம் பேரம் பேசி வாங்குங்கள், உறைபனி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான். ஜூலையில் தேவை நல்ல மழைக்கோட்டும், சீக்கிரம் காயும் மெல்லிய பேன்ட்டும். ஜீன்ஸ் துவைத்தால் நாலு நாள். நாலாம் நாள் காய்ந்தது மாதிரி தெரியும், போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

குறைகளும் இருக்கின்றன. கலர் பிரிண்ட் இந்தக் கடையில் எடுக்கவே எடுக்காதீர்கள். முகமெல்லாம் நீலம் பாரித்து, ராத்திரி முழுக்க பனியில் நின்றவன் மாதிரி வரும். என் முதல் வருஷ அடையாள அட்டையில் இருப்பது அந்தப் போட்டோதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பதினைந்து காப்பி ஊரிலேயே போட்டு எடுத்து வாருங்கள், எல்லா இடத்துக்கும் ஒரே போட்டோ. மத்தியானம் ஒன்றரைக்குக் கடை மூடினால் இரண்டரைக்குத் திறக்க வேண்டும், சில நாள் மூன்றாகும். பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், வரிசை சரிவில் பாதிதூரம் நிற்கும். மேகம் இறங்கிவிட்டால் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், சில்லறை வைத்திருங்கள். அப்புறம் அக்காவின் வாய். பத்துப் பேர் முன்னால், “பதினெட்டு வயசாச்சு, அப்பா ஆதார் நம்பர் உனக்கு எதுக்குடா மனப்பாடம், உன்னுது தெரியுமா?” என்று கேட்பார். முதல் தடவை எனக்குக் காது சூடாகிவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் முடிகிற வேலையை அவர் அரைமணி நேரம் செய்வார் என்பதும் உண்மை. அனுப்பு பொத்தானை அழுத்தும் முன் முழு விண்ணப்பத்தையும் நம்மையே சத்தமாக வாசிக்கச் சொல்வார். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. ஐந்துக்கு நாலு நட்சத்திரம், கழித்த ஒன்று அந்த நீல முகத்துக்கு.

ஞாயிறு விடுமுறை. பாலிதீன் கவர் கேட்காதீர்கள், தர மாட்டார், திட்டுதான் கிடைக்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பீரோவுக்கு எல்.இ.டி. உதவாது, அதில் பேப்பர் காயும் அளவுக்குச் சூடு வராது. குண்டு பல்பு இங்கே இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை என்று அக்கா புலம்பிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு விடுமுறைக்கும் சாத்தூர் பஜாரில் தேடி நாலு பல்பு வாங்கி, குரங்குக் குல்லாவுக்குள் சுற்றி எடுத்து வருவேன். வருகிற மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. உங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடையில் 60 வாட் குண்டு பல்பு இருந்தால் இரண்டு வாங்கி வாருங்கள்.