எத்தனை லிட்டர் என்பது மட்டுமா கேள்வி?

மாரடைப்பிலோ இதயத் தசை அழற்சியிலோ இதயம் திடீரெனத் துவண்டுபோனால், அது தேறும்வரை ரத்த ஓட்டத்தை ஒரு கருவி தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கருவி என்ற பேச்சு வந்ததும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளும் என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கருவியால் இதயத்தின் சுமை குறைகிறதா, கூடுகிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பேன்.

மூத்தது பலூன் பம்ப். 1967இல் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இதை நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார். மகாதமனிக்குள் வைக்கப்படும் நீள பலூன், இதயம் விரியும்போது ஹீலியத்தால் உப்பும். சுருங்கும் முன் ஒடுங்கும். பொருத்துவது எளிது, சுமையும் ஓரளவு குறையும். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் ஓட்டம் ஏறத்தாழ அரை முதல் ஒரு லிட்டர்தான். மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் எட்டாத நிலைக்குப் போன 600 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், 30 நாள் உயிரிழப்பை அது குறைக்கவில்லை.

எக்மோ நேர் எதிர். நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புகிறது. நுரையீரலும் கைவிட்டுவிட்ட நோயாளிக்கு இதை விட்டால் வழி இல்லை. மூளையும் சிறுநீரகமும் பிழைக்கின்றன, இதயத்துக்கோ சோதனை. தொடைத் தமனி வழியாக எதிர்த்திசையில் ஏறிவரும் ரத்தத்தை எதிர்த்துத்தான் தளர்ந்த இடது கீழறை மகாதமனி வால்வைத் திறக்க வேண்டும். முடியாதபோது அறை வீங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. வலிமையான கருவியே இதயத்தின் மீட்சிக்குத் தடையாகும் இந்த முரண் என்னை மிகவும் உறுத்துகிறது. 2023இல் வெளியான ஆய்விலும், மாரடைப்பு அதிர்ச்சியில் எல்லோருக்கும் உடனே எக்மோ போட்டதால் 30 நாள் உயிரிழப்பு குறையவில்லை.

இம்பெல்லா, இடது கீழறைக்குள்ளேயே அமர்ந்து ரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடும் சிறு பம்ப். அறை காலியாவதால் இதயம் உண்மையாகவே ஓய்வெடுக்கிறது. 2024இல் வெளியான டேன்ஜர் ஆய்வில், 180 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 58.5 சதவீதம், இம்பெல்லாவுடன் 45.8 சதவீதம். மாரடைப்புக்குப் பின் அதிர்ச்சி நிலைக்கு வந்தவர்களில் தேர்ந்தெடுத்த சிலருக்கு இதையே முதலில் யோசிப்பேன். ஆனால் ரத்தக்கசிவு, காலுக்கு ரத்தம் தடைபடுதல், டயாலிசிஸ் தேவை ஆகியவை அதே ஆய்வில் கூடின. வலது இதயமும் தளர்ந்திருந்தால் இது மட்டும் போதாது. எக்மோ தவிர்க்க முடியாத இடத்தில், அறையை வடிக்க இதையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

மாதக்கணக்கில் தாங்க, இடது கீழறைக்குத் துணையாக உடலில் பொருத்தும் எல்வேட் பம்ப் இருக்கிறது. அதற்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவை.

எதை வைத்தாலும் கழற்றும் முன் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, எக்கோ ஸ்கேனில் பார்க்கிறார்கள்: கீழறை தானே சுருங்குகிறதா, வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் திறக்கிறதா?