மாடி வீட்டில் குட்டைக்கோழி: எந்தக் கூண்டு மலிவு, எது உழைக்கும்?

மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு கோழி வளர்ப்பவர்களுக்குப் பெரிய கவலை, ராத்திரி அவற்றை எங்கே அடைப்பது என்பதுதான். கொல்லை கிடையாது, மரம் கிடையாது. என்னிடம் பஞ்சுபோன்ற இறகுள்ள சில்கி இனக் கோழி இரண்டும், பேண்டம் என்ற குட்டைக்கோழியில் ஒரு பெட்டையும் இருக்கின்றன. சேவல் வைத்துக்கொள்ளவில்லை, விடிவதற்கு முன்பே கூவுவதைக் கீழ்வீட்டார் தாங்க மாட்டார்கள். இந்த மூன்றுக்காகவும், நடுவில் வந்துபோன குஞ்சுகளுக்காகவும் பல வகைக் கூண்டுகளைச் செய்தும் வாங்கியும் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றிலும் செலவு குறைந்தது பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை. மூங்கில் சிம்பில் பின்னியது, காற்று நன்றாக வரும், ஒரு கையால் தூக்கலாம். அடைகாக்கும் கோழிக்கும், குஞ்சோடு இருக்கும் தாய்க்கும் இதைவிட நல்லது இல்லை என்றே சொல்வேன். ஆனால் இது மண்தரைக்காகப் பிறந்தது. டைல்ஸ் தரையில் கவிழ்த்தால் எச்சம் முழுக்கத் தரையில்தான். கீழே சாக்கு விரித்தால் அது ஒரே நாளில் ஊறிவிடுகிறது. உள்ளே குறுக்குக்கம்பு வைக்க வழியில்லை. பேண்டம் ராத்திரி முழுக்கத் தரையிலேயே ஒடுங்கிக் கிடக்கும். மேலே கல் வைக்க மறந்தால் பூனை தள்ளிவிடும். அதனால் எங்கள் வீட்டில் பஞ்சாரம் பால்கனியில், பகலில், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

குஞ்சுகளுக்கு அட்டைப்பெட்டியா, பிளாஸ்டிக் டப்பா நல்லதா என்று கேட்டால், பெரிய பிளாஸ்டிக் டப்பா. அட்டை மூன்றாம் நாளே நசநசத்துவிடும். பல்பு சாய்ந்தால் தீப்பிடிக்கும் பயம் வேறு. முதல் வாரம் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர் மே மாதத்தில் பகலில் அறையே அந்தச் சூட்டில் இருக்கும், ராத்திரிக்கு மட்டும் விளக்குப் போட்டால் போதும். எல்.இ.டி. பல்பு உதவாது, அது குஞ்சு குளிர்காயும் அளவுக்குச் சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சுடுகிறது. தெருவில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகள் வாங்கி வந்துவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். குட்டையாகவே இருந்துவிடாது, வளரும், கூவும்.

அடுத்தது பழைய மர மேசை. நான்கு காலையும் சுற்றிக் கம்பிவலை வைத்து யு ஆணி அடித்தால் கூண்டு தயார். மேசைப் பலகையே கூரை. நாலடிக்கு இரண்டடி மேசை என்றால் எட்டுச் சதுர அடி கிடைக்கிறது, மேலே சாமானும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சும்மா கிடக்கிற மேசையென்றால் வலைக்கு மட்டும்தான் காசு. பார்க்கவும் கூண்டு மாதிரி இருக்காது, வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும். குறை மரத்திலேயே இருக்கிறது. எச்சத்தின் ஈரம் மரத்தில் இறங்கினால் அந்த வாடை போகவே போகாது. பலகை இணையும் சந்துகளில் செள்ளுப் பூச்சி குடியேறும். பகலில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். கால்களின் அடிப்பகுதிக்கு எனாமல் பெயின்ட் அடித்து, சந்துகளைப் புட்டி வைத்து அடைத்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. இடத்தை விட்டு நகர்த்த முடியாது என்பதால் அடியில் கழுவுவதும் கஷ்டம்.

பி.வி.சி. குழாயில் சட்டம் போட்டுச் செய்யும் கூண்டுதான் பார்க்க அழகு. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் நீளமுள்ள வயரிங் குழாய் மூன்று போதும். அடிக்கணக்கில் வெட்டாமல் 90, 60 சென்டிமீட்டர் என்று வெட்டுங்கள். இரண்டு குழாயில் தலா 90, 90, 60, 60. மூன்றாவதில் நான்கு 60. பன்னிரண்டு துண்டும் கச்சிதமாக வந்துவிடும். சிக்கல் மூலைகளில்தான். மூன்று பக்கமும் குழாய் சொருகும் மூலை இணைப்பு எட்டு வேண்டும். எங்கள் பக்கத்துக் குழாய்க்கடைகளில் எல்போவும் 'T' வடிவ இணைப்பும்தான் இருந்தன, இது இல்லை. கடைசியில் ஆன்லைனில் வாங்கினேன். குழாய்க்குக் கொடுத்ததைவிட அதற்குக் கொடுத்தது அதிகம். இவ்வளவுக்குப் பிறகும் சுற்றிக் கட்ட வலை தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

அங்கேதான் எனக்கு உறைத்தது: வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை, தானாகவே நிற்குமே, அதற்குச் சட்டம் எதற்கு?

அதே அளவுக் கூண்டுக்கு இரண்டடி அகல வலை 16 அடி போதும். பத்தடியை ஒரே துண்டாக வெட்டி, பலகை விளிம்பில் அழுத்தி 3, 2, 3, 2 என்று மடித்தால் நான்கு சுவரும் வந்துவிடும், இணைப்பு ஒரே ஒரு மூலையில். மிச்சம் ஆறடியை இரண்டாக வெட்டினால் கூரை ஒன்று, அடிப்பாகம் ஒன்று. கடையில் நாலடி அகலம்தான் இருக்கிறதா? எட்டடி வாங்கி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஐந்தடியை எல் வடிவில் மடித்தால் இரண்டு சுவர், மிச்சம் மூன்றடி ஒரு மூடி. துண்டு வீணாகாது. கேபிள் டை போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டு, மூலைகளைக் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். டையை மட்டும் நம்பினால் எலி கடித்துவிடும். வெட்டிய கம்பி முனைகளை ஒட்ட நறுக்கி அரம் போட்டுவிடுங்கள். சில்கியின் கண்ணிலோ உங்கள் கையிலோ குத்தாமல் இருக்கும்.

வலையின் கண் அரை அங்குலம்தான் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது இன்னும் வலிக்கிறது. அறுகோணக் கண் வைத்த கோழிவலை மலிவாகக் கிடைத்ததென்று ஒருமுறை அதைக் கட்டினேன். கோழியை உள்ளே வைக்க அது போதும், எலியை வெளியே வைக்கப் போதாது. காலையில் எழுந்து பார்த்தபோது ஐந்து குஞ்சுகளில் இரண்டு இல்லை. அன்றைக்கு மிச்சப்படுத்திய காசு எவ்வளவு என்பதுகூட இப்போது ஞாபகமில்லை.

கடையில் விற்கும் மடக்கு நாய்க்கூண்டும் மோசமில்லை. தட்டோடு வரும், நிமிடத்தில் நிறுத்தலாம், கழுவலாம். வேலை செய்ய நேரமில்லாதவர்கள் பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கம்பி இடைவெளி அகலம் என்பதால் கீழ் ஓரடிக்காவது அரை அங்குல வலை சுற்ற வேண்டும். எலி நன்றாக ஏறும் என்பதால் நான் மேல்வரைக்கும் சுற்றச் சொல்வேன். அரைக்கிலோகூட வராத செராமா இனக் குட்டிக்கோழி வைத்திருந்தால் கட்டாயம் முழுக்கச் சுற்றுங்கள்.

எந்தக் கூண்டானாலும் அன்றாட வேலையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் தரைதான். வெறும் கம்பித்தரையில் நிற்க விட்டால் எச்சம் கீழே விழுந்துவிடும், உண்மை. ஆனால் பாதம் புண்ணாகும். நான் அடிவலையை எலிக்காக வைத்துக்கொண்டு, அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனரை அச்சடித்த பக்கம் கீழே இருக்க விரித்து, நான்கு ஓரத்தையும் ஆறு அங்குலம் மேலே மடித்துச் சுவரோடு கட்டியிருக்கிறேன். உள்ளே இரண்டு அங்குலம் தச்சுப்பட்டறை மரச்சீவல். உமி இன்னும் மலிவு, ஆனால் வீட்டுக்குள் தூசு அதிகம். செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள், குஞ்சுக்குக் கால் வழுக்கி அகண்டுவிடும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்த சீவலைத் தினமும் அள்ளிவிட வேண்டும். ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் பரவும். சில்கியின் இறகு பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அதற்கு ஈரத்தரை ஆகவே ஆகாது. வாரம் ஒருமுறை முழுக்க மாற்றுகிறேன். எச்சத்தின் நெடி ஏறியிருக்கிறதா என்று நின்றபடி மோந்து பார்த்தால் போதாது. குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிந்தால் வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்த வெல்ட் மெஷ் கூண்டின் ஆறு சதுர அடியில் என் மூன்றும் ராத்திரி நன்றாகத் தூங்குகின்றன. பகல் முழுக்க அடைத்து வைக்க இது போதாது, சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது பால்கனியில் இறக்கிவிட வேண்டும். பேண்டம் உட்கார ஓரடி உயரத்தில் ஒரு வேப்பங்கொம்பு. சில்கிகள் பறக்காது என்பதால் அவற்றுக்குத் தரையே சுகம். சமையலறையிலும் படுக்கையறையிலும் கூண்டு வேண்டாம், கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் சாப்பிடவும் கூடாது.

அப்புறம் கதவு. முன்பக்கச் சுவரில் ஓரடிக்கு ஓரடி வெட்டினேன், பின்மூலைக்குக் கை எட்டவில்லை. இப்போது கூரை மூடி முழுவதையும் ஒரு நீளப் பக்கத்தில் கம்பி வளையம் போட்டு, பெட்டி மாதிரி திறக்கும்படி வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் இரண்டு கொக்கி. சீவல் அள்ளவும் கோழியைத் தூக்கவும் இதுதான் தோது.