பாலிடெக்னிக்கா, பட்டப் படிப்பா? கோத்தகிரிப் பிள்ளைகளுக்கான கணினிக் கல்வி ஒப்பீடு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான வாரத்தில், பச்சைத் தேயிலையை எடை போட்டுவிட்டு நேரே என்னிடம் வரும் பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான்: "சார், பையனைப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சேர்த்துவிடலாமா, பிளஸ் டூ முடித்துப் பட்டம் படிக்கட்டுமா?"

முதலில் காலக் கணக்கு. டிப்ளமோ மூன்றாண்டு, அதன்பின் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை வழியாகப் பி.இ. மூன்றாண்டு, ஆக மொத்தம் ஆறு. மேல்நிலை இரண்டாண்டும் பி.இ. நான்காண்டும் சேர்த்தால் அதுவும் ஆறுதான். ஆகவே பொறியியல் பட்டம் வரை போகிற பிள்ளைக்கு டிப்ளமோவால் ஓராண்டும் வீணாவதில்லை. அதோடு, தேயிலை விலை சரிந்து வீட்டில் கை இறுகும் ஆண்டில், 18 வயதுப் பிள்ளையின் கையில் வேலைக்குக் காட்டக்கூடிய ஒரு சான்றிதழ் இருப்பது சிறிய ஆறுதலன்று. பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு அது இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் தெரியாத இடறல் ஒன்று உண்டு, அது கணிதம். டிப்ளமோவை முதல் வகுப்பில் முடித்த என் அக்கா மகன், நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளையும் நிற வரிசை பிசகாமல் அடுக்கி, ஒரே அழுத்தில் முனையில் பொருத்தி கிரிம்ப் செய்துவிடுவான். அவனே பி.இ. மூன்றாம் பருவத்தில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கணிதத் தொகுத்தறிதலில் (ஒரு கூற்று ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டி நிறுவும் முறையில்) 'k-க்கு உண்மை எனக் கொள்வோம்' என்ற வரிக்கு மேல் நகர முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கை மாணவர்கள் அதைப் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்திலேயே பார்த்திருந்தார்கள். எனவே டிப்ளமோ வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், கடைசி ஆண்டு விடுமுறையிலாவது மேல்நிலைக் கணிதப் புத்தகங்களை வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

செய்முறையில் டிப்ளமோ மாணவர் முந்தியிருப்பார்தான்; எனினும் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ்ஸும் பிளஸ் டூவில் பைத்தானும் பாடமாக இருப்பதால், கணினி அறிவியல் பிரிவில் படித்தவரும் வெறுங்கையோடு கல்லூரிக்குப் போவதில்லை.

டிப்ளமோவோடு நின்றுவிடுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் எம்.சி.ஏ. படிப்புக்கும் பட்டம் கேட்பார்கள்.

மலையில் வழியையும் பார்க்க வேண்டும். உதகையில் அரசு பாலிடெக்னிக்கும், 1955-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து சாலை அடைபடும் நாள்களில், கட்டபெட்டு வழியாகப் போய்வரும் 15 வயதுப் பிள்ளையும் 17 வயதுப் பிள்ளையும் ஒன்றல்ல. மேல்நிலைப் பள்ளியோ ஊரிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ₹1,000 உதவி டிப்ளமோவுக்கும் பட்டப் படிப்புக்கும் பொது என்பதால், அதை வைத்து எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை.

பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாமா என்று கேட்டு வருகிறார்கள். அதற்கு இரண்டாண்டு ஆகும். இன்னும் ஓராண்டு பொறுத்தால் பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. பட்டமே கிடைக்கும். அவர்களை நான் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.