மூவர் மட்டுமே இருக்கும் மேடை: கிரீம் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்'

கிரீம் என்ற மூவர் ராக் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' 1968இல் வெளிவந்த இரட்டை ஆல்பம். முதல் தட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. இரண்டாவது மேடையில் பதிவானது. மூன்றே பேர் கொண்ட ராக் குழு எப்படி இயங்குகிறது என்று அறியும் ஆவலில் இதை வாங்குபவர் இரண்டாம் தட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில், முதல் தட்டில் அவர்கள் மூவராகவே இல்லை. தயாரிப்பாளர் ஃபீலிக்ஸ் பப்பலார்டி வயோலாவும் டிரம்பெட்டும் சேர்க்கிறார். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜாக் புரூஸ் செல்லோவையும் தாமே வாசித்து இணைக்கிறார். 'வொயிட் ரூம்' பாடலின் கம்பீரத்தில் பாதி இந்த அடுக்குகளால் வந்தது. கேட்க அருமைதான், ஆனால் அதை மூவர் மேடையில் அப்படியே வாசித்துவிட முடியாது.

மேடைத் தட்டில் அந்த வசதி இல்லை. 'கிராஸ்ரோட்ஸ்', ராபர்ட் ஜான்சன் 1936இல் தனியாளாகக் கிட்டார் மீட்டிப் பாடிப் பதிவுசெய்த பாடல். கிரீம் அதை 1968 மார்ச் 10 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் வாசித்தது. கிட்டார் வாசிக்கும் எரிக் கிளாப்டன் பாடுவதை நிறுத்திவிட்டுத் தனிவாசிப்புக்குள் நுழையும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கிட்டார்கள் உள்ள குழுவில், ஒருவர் தனித்து வாசிக்கும்போது மற்றவர் கீழே ஸ்வரக்கட்டைத் தாங்கிப் பிடித்திருப்பார். இங்கே அந்த ஆள் கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, புரூஸ் அடிச்சுரத்திலேயே நின்றுவிடாமல் மேலேறி வந்து, கிளாப்டனின் வாசிப்புக்கு எதிராக இன்னொரு மெட்டையே வாசிக்கிறார். டிரம்ஸ் வாசிக்கும் ஜிஞ்சர் பேக்கரும் நேர்த்தாளத்தோடு அடங்காமல் இருவருக்கும் இடையே புகுந்து விளையாடுகிறார். யார் முதன்மை, யார் பக்கவாத்தியம் என்று பிரிக்க முடியாத இந்த நான்கு நிமிடங்களுக்காகவே ஆல்பத்தை வாங்கலாம். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸ் கரைந்துபோகும், குழுவில் மூன்றில் ஒரு பங்கும் அதனுடன் போய்விடும்.

ஏறத்தாழ 17 நிமிடம் நீளும் 'ஸ்பூன்ஃபுல்' இதே முறையின் பலவீனத்தைக் காட்டுகிறது. மூவரும் ஒரே நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்கும் இடங்களில், அந்த யோசனையை மறைக்க நான்காவது கருவி இல்லை; நடுப்பகுதியில் சில நிமிடங்கள் ஒரே சொற்கட்டைச் சுற்றிச்சுற்றி வருகின்றன. 'டிரெயின்டைம்' பாடலில் கிட்டாரே கிடையாது. புரூஸ் பேஸை வைத்துவிட்டு மவுத் ஆர்கன் ஊதிப் பாடுகிறார், துணைக்கு டிரம்ஸ் மட்டும். ஆனாலும் குறை எதுவும் தெரியவில்லை. 'டோட்' பேக்கரின் தனி ஆவர்த்தனம், சுமார் 16 நிமிடம். தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு கேட்டுப் பழகிய நமக்கு அதன் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. எனக்கு முதல் ஐந்து நிமிடங்களே போதும்.

மேடைத் தட்டின் தலைப்பு ஃபில்மோர் அரங்கைக் குறிப்பிட்டாலும், அங்கே பதிவானது 'டோட்' மட்டுமே. மற்ற மூன்றும் விண்டர்லேண்டில் பதிவானவை. பிரிட்டனில் இவ்விரண்டு தட்டுகளும் தனித்தனியாகவும் விற்கப்பட்டன. பழைய தட்டுகள் விற்கும் கடையில் மேடைத் தட்டு மட்டும் கிடைத்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.